இரண்டாவது கேள்வி

எங்கள் களுவாஞ்சிக்குடியில் பிரிட்ஜ் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முந்நூற்றிநாலு ஆடாதவர்களையும் அவ்வாறே. மரண வீடுகளில் விடியும்வரை விழித்திருப்போருக்குத் தேநீரும் சீட்டுக்கட்டுமே துணை.

இவ்வாட்டத்தில் 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304 புள்ளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே கிடைக்கும். அரைக் கையை வைத்துக்கொண்டு 160 கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறோம். மீதி நான்கும் வந்தபின்னர் 250 என்று உயர்த்துவதா, வாய்மூடி இருப்பதா என்பதே ஆட்டத்தின் உயிர்.

160 கேட்டவர் எதிராளிக்கு 144 புள்ளிகள் வரை விட்டுக்கொடுக்கலாம். 250 கேட்டவருக்கு அந்த இடைவெளி 54 மட்டுமே. ஒரு ஜாக்கும் ஒன்பதும் ஆசும் ஒரே பிடியில் எதிர்ப்பக்கம் போனால் 61, கதை முடிந்தது. ஆகவே தன் கையை மட்டும் பார்த்து உயர்த்தக்கூடாது. கூட்டாளி முதற்சுற்றில் என்ன கேட்டார் என்பதையும், கேட்காமல் விட்டதையும் எண்ண வேண்டும். அவருடைய மௌனமும் ஒரு தகவலே.

பிரிட்ஜில் 13 சீட்டுகளும் தொடக்கத்திலேயே கையில் இருக்கும். ஆயினும் சிக்கல் இதுவே. ஒரு ஹார்ட் என்று தொடங்கியவருக்குக் கூட்டாளி ஒரு ஸ்பேட் என்று விடையளிக்கிறார். அதன் பொருள், குறைந்தது ஆறு புள்ளிகளும் நான்கு ஸ்பேட்களும் உண்டு என்பது. தொடங்கியவரிடமும் நான்கு ஸ்பேட்கள் இருப்பின், 12 முதல் 15 புள்ளிகளுக்கு இரண்டு ஸ்பேட், 16 முதல் 18 வரை மூன்று, 19க்கு நான்கு என்பது பொதுவழக்கு. முதற்சொல் விரிந்த வாக்குறுதி; இரண்டாவது சொல்லே அதற்கு எல்லை வகுக்கிறது.

பத்திரிகைத் தொழிலிலும் இதைக் கண்டிருக்கிறேன். போர்க்காலத்தில், படுவான்கரையிலிருந்து தோணியேறிக் குருமண்வெளித் துறையில் இறங்குபவர் சொல்லும் முதற்செய்தி நான்கு சீட்டுகளுக்குச் சமம். 'உயிரிழப்பு' என்று எழுதலாம். எண்ணிக்கையையும் பெயர்களையும் எழுதுவது 250 கேட்பதைப் போன்றது. அப்பெயரை வாசிக்க ஒரு தாய் காத்திருக்கிறாள். சீட்டில் தோற்றால் மறுபடியும் கலைத்துப் போடலாம். அச்சேறிய பெயரை அவ்வாறு செய்ய இயலாது. எனவே அடுத்த தோணி வரும்வரை காத்திருந்தோம்.