ஹூக்ளிக் கரையில் ஒரு நாள்

சென்ற தை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று நம் சங்கத்தார் ஏற்பாடு செய்திருந்த ஹூக்ளிக் கரைச் சுற்றுலாவில் நானும் என் தாயாரும் என் மகனும் கலந்துகொண்டோம். உடன்வந்த அன்பர்கள் யாவரும் கண்டவற்றையே நானும் கண்டேன். ஆயினும் அன்று எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சேர்த்து எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் வற்புறுத்தியமையால் எழுதத் துணிந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ஹௌராவில் பார்சல் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுபவன் நான், சரித்திரம் கற்றவனல்லன். பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

முதற்கண் என் தாயாரைப்பற்றிக் கூறவேண்டும். அவர் பிறந்தது பொறையாறு, வாழ்க்கைப்பட்டது தரங்கம்பாடி. இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்தே போய்வரலாம். சிறுமியாயிருந்தபோது தரங்கம்பாடிப் பாதிரிமார் பள்ளிக்கூடத்திற்கு நடந்து வந்து படித்தவர் அவர். என் தந்தையார் காலமான பின்னர், தனியே விட்டுவைக்க மனமின்றி நான் அவரைக் கொல்கத்தாவுக்கு அழைத்து வந்தேன். வந்து ஒன்றரை ஆண்டு ஆயிற்று. மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டின் வராந்தாவில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய பொழுதுபோக்கு. “இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒன்றுகூட இல்லையே, தம்பி” என்று அடிக்கடி சொல்லுவார். அதற்கு என்னிடம் விடையில்லை.

ஊரில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு உண்டு. வாசலில் திண்ணை, கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு தென்னை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எங்கள் தெருமுனை வரையில் வந்து திரும்பிற்று, வீடு தப்பியது. அவ்வீடு இப்பொழுது பூட்டிக் கிடக்கிறது. சாவி என் தாயாரின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் அதை ஒருவர் விலைக்குக் கேட்டார். இங்கே புறநகரில் ஒரு சிறு வீடு வாங்கும் முயற்சியில் நான் கடன்பட்டிருந்த சமயம். ஒரு லட்ச ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டேன். என் தாயாரிடம் சொல்லவில்லை. கையொப்பம் தேவைப்படும் நாளில், வாரிசுச் சான்றிதழுக்கு என்று ஏதேனும் கூறிப் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். எழுதுவதற்கே வெட்கமாயிருக்கிறது, எனினும் உண்மை அதுதான்.

நிற்க. காலை ஆறரை மணிக்கு லேக் மார்க்கெட்டிலிருந்து பஸ் புறப்பட்டது. ரயில்வே ஊழியன் ஒருவன் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு கட்டணம் கொடுத்து பஸ்ஸில் போவதைக் கண்டு நண்பர்கள் நகைத்தார்கள். அதிலும் நாங்கள் சென்ற திசை ரயில்வேக்காரனுக்குப் புண்ணியத் திசையன்றோ! கிழக்கிந்தியாவில் முதல் பிரயாணி ரயில் ஓடியது அந்தக் கரையில்தான். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரையிலான 24 மைலை அது 91 நிமிஷத்தில் கடந்தது. அதற்கு முன்பே ஓடியிருக்கவேண்டிய வண்டி அது. பெட்டிகளைக் கொண்டுவந்த கப்பல் கங்கையின் முகத்துவாரத்தில் மூழ்கிவிட்டது. எஞ்சினை ஏற்றிவந்த கப்பலோ வழிதவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது! போதாக்குறைக்கு, பாதை பிரஞ்சுக்காரர் எல்லைவழியே செல்வதுபற்றிய வழக்கு வேறு. எங்கள் அலுவலகத்தில் பார்சல் தவறிப்போனதென்று யாரேனும் கூச்சலிட்டால் இந்தக் கதையைச் சொல்லித்தான் சமாதானம் செய்வேன்.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற வங்காளி ஆசிரியர். மெலிந்த தேகம், கையில் குடை. அவர் வங்காளத்தில் கூறுவதை என் பதினொரு வயது மகன் தன் அப்பாயிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்; கோபம் வந்தால் வங்காளத்தில் பேசுவான். இந்தக் குறை நம் சங்கத்துப் பெற்றோர் பலருக்கும் உண்டு என்பதறிவேன்.

முதலில் இறங்கிய ஊர் ஸ்ரீராம்பூர். 1755ஆம் ஆண்டு முதல் டென்மார்க் தேசத்தாரின் வாணிபக் குடியிருப்பாக இருந்த ஊர் அது. தங்கள் அரசன் பெயரால் பிரெடெரிக்ஸ்நகர் என்று அதை அழைத்தார்கள். வில்லியம் கேரி என்னும் பாதிரியார் 1800ஆம் ஆண்டு இங்கு வந்து தங்கி அச்சுக்கூடம் நடத்தினார். 1818இல் கல்லூரியும் சமாச்சார தர்ப்பண் என்னும் வங்காளப் பத்திரிகையும் இங்கே தோன்றின. கல்லூரி வெகு கம்பீரமாயிருக்கிறது. ஆனால் என் கதை நிகழ்ந்த இடம் கல்லூரியன்று. 1806இல் கட்டிமுடிக்கப்பெற்ற புனித ஓலாவ் வேதக்கோவில். சிதிலமாய்க் கிடந்த அதனை டென்மார்க் தேசத்தாரும் வங்காள அரசினரும் சேர்ந்து பழுதுபார்த்து, 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்ததாம். வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

எல்லோரும் கூரான கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், என் தாயார் முகப்பையே உற்றுநோக்கி நின்றார். அங்கே ஒரு கிரீடமும், அதன்கீழ்ப் பின்னிய எழுத்துக்களும் இருந்தன.

“தம்பி, இந்தக் கிரீடம் நம் ஊர்ப் புதிய எருசலேம் கோவிலில் இருப்பதல்லவா? பள்ளிக்கூடம் போகும்போது தினமும் பார்ப்பேனே!”

நான் திகைத்தேன். நானும் அந்தத் தெருவில் ஓடியாடி வளர்ந்தவன்தான், ஒருநாளும் கவனித்ததில்லை. என் மகன் ஓடிச்சென்று வழிகாட்டியிடம் சொன்னான். அம்முதியவருக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பியபடி வந்து, “மாஷிமா, நீங்கள் டிராங்கேபார்க்காரரா?” என்று வினவினார். டென்மார்க்கார் 1620ஆம் ஆண்டில், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். ஸ்ரீராம்பூர் அதற்கு இளைய ஊர். தரங்கம்பாடி ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர். 1718ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐயர் கட்டிய எங்கள் ஊர் வேதக்கோவிலில் இருப்பது நான்காம் பிரெடெரிக் அரசனின் முத்திரை. இங்கிருப்பது ஏழாம் கிறிஸ்தியான் அரசனுடையது. எழுத்துக்கள் வேறு, அரசமரபு ஒன்றே. இவையெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்தவை.

“கோட்டை இன்னும் இருக்கிறதா? கடல் எவ்வளவு தூரம்?” என்று அவர் கேட்கலானார். என் தாயார் சொல்லலானார். டேனிஷ் கோட்டையையும், கடலலையால் அரிப்புண்ட மாசிலாமணிநாதர் கோவிலையும், ஊர்நுழைவாயிலையும், 1986இல் நிறுத்தப்பட்டுவிட்ட மாயவரம் – தரங்கம்பாடிச் சிறு ரயிலையும்பற்றி ஒரு கால்மணி நேரம் பேசினார். நாளெல்லாம் பத்து வார்த்தை பேசாதவர்! இப்பொழுது என் மகன் தமிழை வங்காளமாக்கினான். சுற்றிலும் நம் அன்பர்கள் கூடிவிட்டார்கள்.

இறுதியில் வழிகாட்டி கூறினார்: “இரண்டு ஊர்களும் ஒன்றாகவே கைமாறின, மாஷிமா. 1845ஆம் ஆண்டில் டென்மார்க் அரசன் இரண்டையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.”

என் தாயார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “ஊரை விற்றபோது அங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?” என்றார்.

மகன் மொழிபெயர்த்தான். முதியவர் நகைத்து, “ராஜாக்கள் கேட்பதில்லையே” என்றார். எல்லோரும் நகைத்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து சந்தர்நகர். ஆற்றங்கரையில் மரநிழல் சூழ்ந்த நீண்ட உலாச்சாலை. புதுச்சேரிக் கடற்கரையை நினைவூட்டும் அழகு. அங்கேதான் புளியோதரையும் தயிர்ச்சாதமும் உண்டோம். கடித்தவுடன் பன்னீர்ப்பாகு வழியும் ஜொல்பொரா சந்தேஷ் இவ்வூரில் பிறந்த பண்டம். என் மகன் சட்டையெல்லாம் பாகு. 1731 முதல் இவ்வூரின் தலைமையதிகாரியாயிருந்த தூப்ளே 1742இல் புதுச்சேரிக்குக் கவர்னரானான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் காணும் அதே தூப்ளேதான். அரவிந்தரும் 1910ஆம் ஆண்டு கொல்கத்தாவை விட்டு இங்கு வந்து மறைந்திருந்து, பிறகு புதுச்சேரிக்குக் கப்பலேறினார். தமிழ்நாட்டுக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைக் காட்டிலும் நெருங்கியது.

இவற்றையெல்லாம் நான் அரைமனத்தோடுதான் கேட்டேன். ஆனால் 1949ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நடந்த செய்தியை வழிகாட்டி கூறியபோது செவிசாய்க்காதிருக்க முடியவில்லை. பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்று அன்று ஊராரிடமே வாக்குக் கேட்டார்கள். இந்தியாவே வேண்டுமென்றவர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். வேண்டாமென்றவர் 114 பேர். மறு ஆண்டு மே 2ஆம் நாள் நிர்வாகம் கைமாறிற்று. 1954இல் ஊர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. எங்கள் பக்கத்து ஊராகிய காரைக்காலும் புதுச்சேரியும் அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததன் பேரிலேயே இந்தியாவுக்கு வந்தன. அங்கே எதிர்த்தவர் 8 பேர்தாம்.

“இங்கே கேட்டிருக்கிறார்கள்” என்றார் என் தாயார். என்னைப் பார்த்துச் சொன்னாரோ, ஆற்றைப் பார்த்துச் சொன்னாரோ, அறியேன்.

சின்சுராவில் அதிக நேரம் தங்கவில்லை. அது உலாந்தாக்காரரின் ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தை மட்டும் பார்த்தோம். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, சுமத்திராத் தீவில் ஆங்கிலேயரிடமிருந்த பென்கூலன் உலாந்தாவுக்கும், சின்சுரா ஆங்கிலேயருக்குமாக மாறின. “நாங்கள் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் சீட்டு மாற்றிக்கொள்வதுபோல!” என்றான் என் மகன். ஹூக்ளி இமாம்பாராவை ஹாஜி முகமது மொஹ்சின் என்னும் கொடையாளர் விட்டுச்சென்ற அறச்சொத்தைக்கொண்டு 1841 முதல் இருபதாண்டு கட்டினார்களாம். மணிக்கூண்டின் படிகளை என் மகன் ஓட்டமாக ஏறினான். நான் பாதியில் மூச்சிரைத்து நின்றுவிட்டேன்.

கடைசியாகப் பாண்டெல் மாதா கோவில். போர்த்துக்கீசியர் 1599இல் நிறுவியது. 1632இல் ஷாஜஹானின் படையால் அழிந்து மீண்டும் எழுந்தது. புயலில் தப்பிய மாலுமி ஒருவன் தன் கப்பலின் பாய்மரத்தையே இங்கு காணிக்கையாக்கினான் என்று ஒரு கதை வழங்குகிறது. “வேளாங்கண்ணியிலும் இதே கதைதானே!” என்று சொல்லி என் தாயார் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸின் ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் வலி கண்டிருந்தது. ஆகவே சங்கச் செயலாளரிடம் விடைபெற்றுக்கொண்டு நாங்கள் மூவரும் பாண்டெல் நிலையத்தில் ஹௌரா லோக்கல் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமையாதலால் உட்கார இடம் கிடைத்தது. மகன் என் மடியில் சாய்ந்து உறங்கிப்போனான். சந்தர்நகர் நிலையம் கடந்ததும் நான் வாய்திறந்தேன். முன்பணம் வாங்கியதையும், கையொப்பத்துக்கு நினைத்திருந்த பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தவண்ணம், “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“கார்த்திகையிலேயே பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். யாரோ நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்.”

மூன்று மாதம்! அந்த மூன்று மாதமும் வேளை தவறாமல் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒரு சொல் கேளாதிருந்திருக்கிறார். எனக்கு நா எழவில்லை. ஸ்ரீராம்பூர் வந்தது, வண்டி நின்றது, புறப்பட்டது.

“விற்கக்கூடாதென்று நான் சொல்லமாட்டேன், தம்பி. உனக்கும் பிள்ளைக்கும் இங்கே தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும். ஆனால் நான் ஒருதரம் போய், பூட்டைத் திறந்து, கூட்டி மெழுகி, அந்த அடுப்பில் நாலு நாள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு என்னிடம் கேள். அப்பொழுது சொல்கிறேன்.”

“என்ன சொல்வாய் அம்மா?”

“இப்போதே சொல்லிவிட்டால் நீ கேட்பதில் என்ன இருக்கிறது?”

முன்பணம் தந்தவரிடம் பொறுத்திருக்கும்படி தெரிவித்துவிட்டேன். அவருக்கு வருத்தந்தான், வேண்டுமாயின் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பங்குனியில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. எருசலேம் கோவில் கிரீடத்தைத் தானும் பார்க்கவேண்டுமென்று மகன் அடம்பிடிக்கிறான். அதன்கீழுள்ள எழுத்துக்களைப் படமெடுத்து வரும்படி அந்த வங்காளி ஆசிரியர் அவனிடம் கேட்டிருக்கிறாராம். சென்னைக்கு மூன்று டிக்கெட் பதிவு செய்திருக்கிறேன். ரயில்வேக்காரன் வீட்டு டிக்கெட் அல்லவா, மூன்றும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றன.