ஒரு பல் கூடினால் டீசல் குறையுமா?

தலைப்பைப் பார்த்துட்டு பல் டாக்டர் மேட்டர்னு நினைச்சு வந்திருந்தா மன்னிக்கவும். இது பிக்கப் வண்டியோட பின் ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற பல் பத்தினது. பி.காம். படிக்கிறவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கலாம். நாற்பதாயிரம் ரூபாய் செலவு பண்ணலாமா வேணாமாங்கிறதுதான் கேள்வி. அப்ப அது என் டிபார்ட்மெண்ட்தானே?

எங்க மாமா கொல்லிமலையில டீசல் பிக்கப் ஓட்டுறார். சொந்த வண்டி. அதாவது இன்னும் ரெண்டு வருஷ டியூ கட்டி முடிச்சா சொந்த வண்டி. மேல செம்மேடு, சோளக்காடு பக்கம் அன்னாசி, பலா, வாழைன்னு ஏத்திக்கிட்டு காரவள்ளி வழியா இறங்கி ராசிபுரம், நாமக்கல், சில நாள் சேலம் வரைக்கும் போய்ட்டு வருவார். அந்த ரோட்டுல எழுபது கொண்டை ஊசி வளைவு. டூர் போறவங்களுக்கு அது போட்டோ எடுக்கிற இடம். தினமும் போறவருக்கு அது கிளட்சும் பிரேக்கும் டீசலும்.

நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பேர் போனது. பாடி கட்டுறதுல ஆரம்பிச்சு எதை மாத்தணும்னாலும் ஆள் இருக்கும். அப்படி ஒரு பட்டறையில மாமாகிட்ட சொல்லியிருக்காங்க: "கிரவுன் பினியன் மாத்திடுங்கண்ணே, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும். மொத்தமா நாப்பதாயிரத்துல முடிச்சிடலாம்." மாமா எனக்கு போன் போட்டு, "மாப்ளே, நீதான் கணக்கு படிக்கிறியே, போட்டுப் பாரு"ன்னுட்டார். அக்கவுண்டன்சி வேற, கணக்கு வேறன்னு இந்தக் குடும்பத்துல யாருக்கும் புரிய வைக்க முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். கியர் பாக்ஸிலிருந்து வர்ற நீள ஷாஃப்ட்டோட நுனியில ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், அது பினியன். அது ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற பெரிய வட்டத்தைச் சுத்தும், அது கிரவுன். கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல்னா, சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.1 சுத்து சுத்தணும். இதுதான் ஆக்ஸில் ரேஷியோ. பினியன்ல ஒரே ஒரு பல்லைக் கூட்டி 11 ஆக்கினா 41 வகுத்தல் 11, அதாவது 3.73. வண்டி அதே வேகத்துல போகும், ஆனா இன்ஜின் 9 சதவீதம் மெதுவா சுத்தும். டயர் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் போகுதுன்னு வைங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல நேரடி கியர்ல இன்ஜின் சுமார் 1860 சுத்து சுத்துறது 1700 பக்கம் வந்துடும். ஒரு பல்லுக்கு இவ்வளவு பவரான்னு நானும் அசந்துதான் போனேன்.

இது பட்டறைக்காரர் கற்பனை இல்லை. அமெரிக்காவுல பிக்கப் வாங்கும்போதே ஆக்ஸில் ரேஷியோவைத் தேர்ந்தெடுக்கலாம். 3.55, 3.73, 4.10னு நம்பர் சொல்லிக் கேப்பாங்க. டிரெய்லர் இழுக்கிறவர் பெரிய நம்பர் வாங்குவார், நீள ஹைவேயில காலியா ஓடுறவர் சின்ன நம்பர் வாங்குவார். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் அங்க கார் கம்பெனிகள் மைலேஜுக்காகக் கையிலெடுத்த வழிகள்ல இதுவும் ஒண்ணு. அதுக்கும் முன்னாடியே ஈட்டன் கம்பெனி ரெண்டு ரேஷியோ இருக்கிற ஆக்ஸில் பண்ணி லாரிகளுக்குக் கொடுத்திருக்கு. டிரைவர் ஒரு குமிழைத் தள்ளினா ஏத்தத்துக்கு ஒண்ணு, சமவெளிக்கு ஒண்ணு. கியர் பாக்ஸ்லயே கியர் நிறைய வந்த பிறகு அதுக்கு மவுசு குறைஞ்சு போச்சு. கொல்லிமலைக்குன்னே பண்ணின மாதிரி சாமான், ஹூம்.

இப்ப கணக்கு. இன்ஜின் 9 சதவீதம் மெதுவா சுத்தினா டீசலும் 9 சதவீதம் மிச்சம்னு நினைக்கத் தோணும். அப்படி இல்லை. வண்டியைத் தள்ள ரோட்டுல வேணுங்கிற வேலை மாறவே இல்லை. காத்து அதேதான், எடை அதேதான். இன்ஜின் தன்னைத் தானே சுத்திக்க, அதாவது பிஸ்டன் உராய்வு, பம்ப் இதுக்கெல்லாம் எடுத்துக்கிற டீசல் மட்டும்தான் குறையும். அது மொத்தத்துல மூணுல ஒரு பங்குன்னு வச்சா, மிச்சம் 3 சதவீதம். மாமா மாசம் சமவெளியில 2500 கிலோமீட்டர் ஓட்டுறார், லிட்டருக்கு 12 கிடைக்குது. ஆக 208 லிட்டர். அதுல 3 சதவீதம்னா ஆறே கால் லிட்டர். லிட்டர் 90 ரூபாய்னு முழு எண்ணா வைங்க, மாசம் 560 ரூபாய். நாற்பதாயிரம் திரும்பி வர ஏறக்குறைய ஆறு வருஷம்! தாராளமா 5 சதவீதம்னு போட்டாலும் மூன்றரை வருஷம். எங்க சார் 'பே பேக் பீரியட்' நடத்தினப்போ தூங்கினவங்க எழுந்திருக்கவும்.

இதுல இன்னொரு தமாஷ் இருக்கு. ஸ்பீடாமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து ஓடுற வண்டின்னா, ரேஷியோ மாத்தினதும் அது பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஷாஃப்ட் கம்மியா சுத்துறதால 100 கிலோமீட்டர் போனா 91ன்னு காட்டும். மைலேஜ் கூடினாலும் குறைஞ்ச மாதிரிதான் தெரியும். அளக்கிற படியே மாறிப்போன பிறகு லாபமா நஷ்டமான்னு யார் சொல்றது?

இது வரைக்கும் சமவெளி. மலையில ஏத்தத்துக்கு வருவோம். மூணு டன் எடையை 1000 மீட்டர் மேல தூக்கணும்னா சுமார் 29 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசல்ல 36 மெகாஜூல் இருக்கு, இன்ஜின் அதுல 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக, மேல போய்ச் சேர மட்டும் 2.7 லிட்டர் தேவை. ரோட்டு உராய்வு தனி. இது மலைக்குக் கட்டுற கப்பம், எந்தப் பல்லை மாத்தினாலும் தள்ளுபடி கிடையாது. சொல்லப்போனா கூடவும் செய்யலாம். ரெண்டாவது கியர்ல முக்காம ஏறின வளைவுல இப்ப இழுவை பத்தாம முதல் கியருக்கு வரணும். முதல் கியரே பத்தலைன்னா அதுக்குக் கீழ கியர் ஏது? கிளட்சைப் பாதி மிதிச்சு சமாளிக்கணும், வளைவு முடியறதுக்குள்ள கருகின வாசனை வந்துடும்.

ஆனா எனக்கு நிஜமாவே பயம் வந்தது இறக்கத்தை யோசிச்சப்பதான். இந்த மலையில ஒரு விசேஷம் இருக்கு. லோடு மேல போறதை விடக் கீழதான் அதிகம் வருது. விளைச்சல் மேல, மார்க்கெட் கீழ. மாமா ஏறும்போது பாதி நாள் காலி வண்டி, இறங்கும்போது ஃபுல் லோடு. தூக்கும்போது சொன்ன அதே 29 மெகாஜூல் இப்ப சூடா எங்கேயாவது போயாகணும். அது 90 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. அதை வாங்கிக்க வண்டியில முக்கியமா ரெண்டு பேர்தான்: ஒண்ணு பிரேக், இன்னொண்ணு கியர்ல பிடிச்சு நிறுத்துற இன்ஜின். ஆக்ஸில் நம்பரைக் குறைச்சா ஒவ்வொரு கியர்லயும் இன்ஜின் பிடிக்கிற பிடி பத்துல ஒரு பங்கு போயிடும். அந்தப் பங்கு பிரேக் தலையில விழும். எழுபது வளைவுக்கும்.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசலை. பே பேக் கணக்குக்கெல்லாம் "ம்ம், ம்ம்"னுதான் சொல்லிட்டிருந்தார்.

வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் வீழ்த்தினதா புறநானூறு சொல்லுது. அவர் ஆண்ட மலைதான், செம்மேட்டுல அவருக்கு ஆடி மாசம் விழாவும் எடுக்கிறாங்க. ஆனா ஒரே ரேஷியோவுல ஏத்தம், இறக்கம், சமவெளி மூணையும் வீழ்த்த ஓரியாலயும் ஆகாது.

அப்ப டீசலை எங்கதான் மிச்சம் பிடிக்கிறது? மாமாவோட கூட்டாளிங்க சில பேர் இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டுவாங்க, சிக்கனமாம். நான் தேடிப் படிச்சவரைக்கும் நடக்கிறது தலைகீழ். கியர்ல இருந்து ஆக்ஸிலேட்டர்ல காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்துறதால டீசல் ஊசி அப்படியே மூடிக்கும், செலவு பூஜ்யம். நியூட்ரல்ல இன்ஜின் அணையாம இருக்கவே டீசல் குடிச்சுக்கிட்டிருக்கும். இன்னும் சில மகானுபாவர்கள் இன்ஜினையே அணைச்சுடுவாங்க. பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற வேக்குவம் பம்ப்பும் அதோட நின்னுடும். ரெண்டு மூணு மிதி மிதிச்சா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் மிச்சமான டீசலை யார் எண்ணப் போறா?

மாமா ஆக்ஸிலைப் பிரிக்கலை. அந்தப் பணத்துல கொஞ்சத்தை எடுத்து நாலு பிரேக்கையும் பார்த்துட்டார், டயர் காத்தை வாரம் ஒரு தடவை செக் பண்றார். மீதி டியூவுக்குப் போச்சு. இப்ப நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசுறது வேற விஷயம். காலியா ஏறினாலும் ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் டீசல் மலைக்குப் போகுது. ராசிபுரத்துல மளிகை மொத்தக் கடை ஒண்ணுல, வாரத்துல மூணு நாள் செம்மேட்டுக் கடைகளுக்கு லோடு ஏத்திவிட முடியுமான்னு கேட்டிருக்கார். மூட்டைக்கு எவ்வளவு வாடகை சொல்றதுன்னு என்னைத்தான் கேக்கிறார். இந்த ஞாயித்துக்கிழமை காஸ்ட் ஷீட் போட உட்காரணும்.