தாய்ப்பூனையைக் காட்டுங்கள்

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்த 'பஞ்சு' என்ற பேர்சியன் பூனை இறந்தபோது, என் பேத்தி இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் இரு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் நிறைந்திருந்ததை மிருக வைத்தியர் ஸ்கான் படத்தில் காட்டினார். "இது பிறவியிலேயே வந்த நோய். வளர்த்தவர்கள் மீது தவறில்லை" என்று ஆறுதலும் கூறினார்.

ஆனால், வாங்கியவன் மீது தவறு இருந்தது. வாங்கியவன் நான். அதன் தட்டையான முகத்தின் அழகையும் விலையையும் தவிர, அன்று நான் எதனையும் விசாரிக்கவில்லை.

ஓராண்டு கழிந்து, அதே இனத்தில் இன்னொரு குட்டி வேண்டும் என்று பேத்தி கேட்டாள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள்: "அம்மப்பா, இதுவும் பஞ்சு மாதிரிச் செத்துப் போகாதுதானே?"

பதில் சொல்ல முடியாத நான், படிக்கத் தொடங்கினேன். பெயரில் பாரசீகம் இருந்தாலும், இன்றைய பேர்சியன் பூனைகள் மரபணுவில் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமானவை என்பதை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முகத்தைத் தட்டையாக்கியவர்களும் மனிதர்களே. மூக்கு உள்ளே போகப் போக மூச்சு முட்டும். கண்ணீர் வடியும் குழாய் வளைவதால் கண்கள் எந்நேரமும் நனைந்திருக்கும்.

பஞ்சுவைக் கொன்ற நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2004இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒன்றுக்கு அந்நோய் இருந்தாலே போதும். ஒவ்வொரு குட்டிக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அறிகுறிகள் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். துள்ளி விளையாடும் குட்டியைப் பார்த்து எதனையும் அறிய முடியாது. பெற்றோரைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

கொழும்பில் நாங்கள் சென்ற முதல் வீட்டில், குட்டியைக் காலணிப் பெட்டியொன்றில் வைத்து வாசலுக்கே கொண்டுவந்தார்கள். வயது ஆறு வாரம் என்றார்கள். பன்னிரண்டு வாரமாவது தாயுடன் இருக்க வேண்டிய குட்டி அது. "தாய்ப்பூனையைக் காட்டுங்கள்" என்றேன். "அது வேறிடத்தில் நிற்கிறது" என்றார்கள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வழி முழுவதும் அவள் என்னுடன் பேசவில்லை.

இரண்டாவது வீடு தெஹிவளையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. தாய்ப்பூனை கூடத்திலேயே படுத்திருந்தது. விற்பவர்கள் 'டோல் பேஸ்' என்று அழைக்கும், மூக்கு வெளியே தெரியும் வகை. மூச்சில் சத்தமில்லை. கண்கள் உலர்ந்து தெளிவாக இருந்தன. மூன்று குட்டிகளும் பதினொரு வாரம் நிரம்பியவை. தடுப்பூசி அட்டையும் இருந்தது. காதுகளின் உட்புறத்தையும் வாலின் அடியையும் நான் பார்த்துக்கொண்டிருக்க, சாம்பல் நிறக் குட்டியொன்று தானாகவே வந்து பேத்தியின் விரலை முகர்ந்தது. அவளைப் பொறுத்தவரை தேர்வு அத்துடன் முடிந்துவிட்டது.

தாய்ப்பூனையின் ஸ்கான் அறிக்கையை ஆசிரியை எடுத்துக் காட்டினார். சிறுநீரகங்கள் சுத்தம். "தகப்பன் பூனைக்கு?" என்று கேட்டேன். அது நண்பரொருவருடையது என்றும், பரிசோதிக்கவில்லை என்றும் உண்மையைச் சொன்னார்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி எழுதாதே என்று இளம் நிருபர்களுக்கு நாற்பது ஆண்டுகள் சொல்லி வந்தவன் நான். ஸ்கான் செலவை நானே தருவதாகக் கூறினேன். பேத்தியின் கண்களில் நீர் முட்டியது. "இன்னும் இரண்டு கிழமை பொறு, பிள்ளை" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் தொலைபேசி வந்தது. தகப்பன் பூனைக்கும் நோயில்லை.

இப்போது இதனை எழுதும் மேசையின் கீழ், என் செருப்பைக் கடித்துக்கொண்டு அந்தச் சாம்பல் குட்டி படுத்திருக்கிறது. எந்த உயிருக்கும் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால், பேத்தி மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், "கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் வாங்கினோம்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இம்முறை என்னால் முடியும்.