சிட்டையும் பேரேடும்

கல்யாண போட்டோக்காரர்களின் கம்ப்யூட்டரை நீங்கள் எட்டிப் பார்த்திருக்க நியாயமில்லை. பார்த்தால் பயந்துவிடுவீர்கள். மாப்பிள்ளை ஒருவர், பெண் ஒருத்தி, தாலி ஒன்று. ஃபைல் மட்டும் ஐயாயிரம்! அதிலும் எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கும். 0412 என்ற எண்ணில் மாமனார் ஜாங்கிரி சாப்பிடுகிறார். பக்கத்திலேயே இன்னொரு 0412. அதிலும் அதே மாமனார், அதே ஜாங்கிரி, அதே கடி.

இது கம்ப்யூட்டரின் கோளாறு அல்ல, கேமராவின் ஏற்பாடு. 'ரா ப்ளஸ் ஜேபெக்' என்று பெயர். பட்டனை ஒருமுறை அமுக்கினால் இரட்டைப் பிள்ளை பிறக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றே, வால்தான் வேறு. ஜேபெக்குக்கு எல்லா கேமராவிலும் ஒரே வால். ராவுக்கு மட்டும் கம்பெனிக்கு ஒரு வால்: நிக்கானில் 'என்.இ.எஃப்.', கேனனில் 'சி.ஆர்.2' அல்லது 'சி.ஆர்.3', சோனியில் 'ஏ.ஆர்.டபிள்யூ.'.

நான் பி.காம். ஆகவே எதையும் கணக்குப் புத்தகத்துக்குள் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எங்கள் செட்டிநாட்டில் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் எல்லாரும் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். ஒன்று சிட்டை. அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே, அடித்தல் திருத்தலோடு எழுதுவது. இன்னொன்று பேரேடு. சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்த்து, சுத்தமாக எழுதுவது. பார்க்க லட்சணமாக இருப்பது பேரேடுதான். ஆனால் வழக்கு, தகராறு என்று வந்தால் "சிட்டையைக் கொண்டா" என்பார்கள்.

ரா என்பது சிட்டை. ஜேபெக் என்பது பேரேடு.

லென்ஸ் வழியாக உள்ளே வந்த வெளிச்சத்தை ரா அப்படியே குறித்து வைக்கிறது. பார்க்க மங்கலாக, உப்புச் சப்பில்லாமல் இருக்கும். கேமராவே அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தள்ளிவிட்டு, நிறத்தை ஏற்றி, சுருக்கிக் கட்டிக் கொடுப்பது ஜேபெக். 1992-ல் இதற்கான தர நிர்ணயத்தைப் போட்ட நிபுணர் குழுவின் பெயர்ச் சுருக்கமே ஃபைலுக்கும் பெயராகிவிட்டது. கமிட்டி போட்டு உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று.

தள்ளிவிட்டது எவ்வளவு என்று கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16,384 படிகள். ஜேபெக்கில் 256. அதாவது பதினாறாயிரம் ரூபாய் கணக்கை இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடித்துவிடுகிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு இது போதும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் செட்டிநாட்டு வீடு என்பது சாதாரண வெளிச்சம் இல்லையே! முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால், நடுவில் திறந்த முற்றம். அங்கே பன்னிரண்டு மணி வெயில் நெருப்பாக இறங்கும். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் அறைகளில் பகலிலேயே அரையிருட்டு. முற்றத்துக்கு கேமராவைச் சரிசெய்தால் தூணோரம் நிற்கிறவர் கரிக்கட்டை. தூணோரத்துக்குச் சரிசெய்தால் முற்றம் சுண்ணாம்பு. இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற அந்தப் பதினாறாயிரம் படியும் வேண்டும்.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை அவர் கடைக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பேன். சன்மானம், ஒரு காபியும் இரண்டு பணியாரமும். போன முகூர்த்த சீசனில் அப்படிப் போயிருந்தபோது, கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணத்தை எடுத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு கார்டு நிறையப் படம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தான். சுறுசுறுப்பான பையன். அதுதான் வினையாகப் போயிற்று.

"அண்ணே, எல்லாம் ரெண்டு ரெண்டாக் கெடந்துச்சுண்ணே. மொத கார்டுல டூப்ளிகேட்டைப் பூராத் தூக்கிட்டேன்" என்றான்.

"எதைடா தூக்குன?" அண்ணன் கையில் பணியாரம் அந்தரத்தில் நின்றது.

"பெருசு பெருசா எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல, அதைத்தான். தொறந்தாலும் தொறக்கல."

அவன் சொன்னதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு ரா ஃபைல் இருபத்தைந்து, முப்பது எம்.பி. வரை போகும். ஜேபெக் பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. ஆபீசில் ஆள் குறைப்பு என்றாலும் கனத்த சம்பளக்காரரைத்தானே முதலில் அனுப்புகிறார்கள்? அளவு வாரியாக வரிசைப்படுத்தி, பெரியதை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டோடு டெலிட். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகவில்லை. போதாக்குறைக்கு, காலி கார்டு வேண்டும் என்று அடுத்த கல்யாணத்துக்குப் போன கேமராமேன் அந்த முதல் கார்டையே எடுத்துப் போய், அழித்து, அதில் வேறு மாப்பிள்ளையை ஏற்றிவிட்டார். மீட்கும் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்ததில் கொஞ்சம் வந்தது. வந்ததும் கோடு கோடாக இருந்தது.

அண்ணன் கத்தவில்லை. இரண்டாவது கார்டைத் தானே ஏற்றினார். பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் எனக்கும் கிடைத்தது. உங்களுக்கும் தருகிறேன்.

அவர் வைத்திருப்பது லைட்ரூம். அது இயல்பிலேயே ரா, ஜேபெக் ஜோடியை ஒரே படமாகத்தான் காட்டும். கட்டத்தில் தெரிவது ரா. ஜேபெக் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 'ரா ப்ளஸ் ஜேபெக்' என்று பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். இதில் ஒரு சௌகரியம்: லைட்ரூமுக்குள்ளேயே பெயர் மாற்றினால் இரண்டுக்கும் மாறும், இடம் மாற்றினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரு அபாயமும் உண்டு. டிஸ்க்கிலிருந்தே டெலிட் என்றால் இரண்டும் சேர்ந்து உடன்கட்டை ஏறிவிடும்.

தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரிஃபரன்சஸில், ஜெனரல் பகுதியில் ஒரு கட்டம் இருக்கிறது. ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜேபெக்கைத் தனிப் படமாக நடத்து என்று அர்த்தம். அதில் டிக் அடித்துவிட்டுப் படங்களை ஏற்றினால் இரண்டும் தனித்தனியாக வரும். ஏற்கெனவே ஜோடியாக ஏற்றியாகிவிட்டதா? டிக் அடித்தபின் அந்த ஃபோல்டரை 'சிங்க்ரனைஸ்' செய்தால், ஒளிந்திருந்த ஜேபெக்குகள் வெளியே வரும். ஐயாயிரம் படத்தைப் பார்த்துத் தலை சுற்றினால், எடுத்த நேரத்தை வைத்து அடுக்காகச் சேர்க்கவும் வழி இருக்கிறது. காசில்லாத டார்க்டேபிளில் இந்தத் தொல்லை குறைவு. ஒரே பெயருள்ளவற்றை அதுவே ஒரு குழுவாகக் கட்டி, மூலையில் 'ஜி' என்று குறி போட்டுவிடும்.

"இதுல முக்கியம் ஒண்ணுதான் அப்பு" என்றார் அண்ணன். "ரெண்டையும் சேத்து வைக்கிறது பேருதான். வெளியில போல்டருக்குள்ள போயி ஒண்ணுக்கு மட்டும் பேரை மாத்துன, அதோட அண்ணன் தம்பி உறவு அத்துப்போச்சு."

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேமராவின் எண் 9999 வரை போய் மறுபடி 0001-க்கு வந்துவிடும். ஆக, சித்திரையில் ஒரு 0001, ஆவணியில் ஒரு 0001. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஒரு கல்யாணத்து மாப்பிள்ளைக்கும் இன்னொரு கல்யாணத்து மாமியாருக்கும் ஜோடி சேர்ந்துவிடும். அதனால் ஏற்றும்போதே தேதி, நேரம் சேர்த்துப் பெயர் வைத்துவிட வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் இது கம்ப்யூட்டர் பாடம். முடியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, அந்த அறுபதாம் கல்யாண வீட்டிலிருந்து பேரன் வந்தான். சென்னையில் வேலை, முதுகில் லேப்டாப் பை, முகத்தில் மூன்று நாள் தாடி. அப்பத்தா தவறிவிட்டார்களாம். எண்பத்தெட்டு வயது. கேமராவைக் கண்டாலே "எனக்கென்னத்துக்குடா படம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷி. படமென்று வீட்டில் இருப்பது ஆதார் அட்டையில் இருப்பதுதான். அதை யாரும் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள்.

"கல்யாணத்தன்னிக்கு வளவுல தூணோரம் உக்காந்திருந்தாங்கண்ணே. இருக்குமா?"

இருந்தது. இரண்டு படம். ஒன்றில் யாரோ ஏதோ சொல்ல, அப்பத்தா பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். இன்னொன்றில் சிரிக்கவில்லை, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். இரண்டிலுமே பின்னால் முற்றத்து வெயில் வெள்ளை வெளேரென்று எரிகிறது. முகம் கறுப்பு. சிரிப்பதை நானே பல்லில்லாத வாயின் ஓரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன். பையன் தரையில் இருந்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தான். எல்லார் மனத்திலும் ஒரே கேள்விதான்: எந்த கார்டு?

நேராகப் பார்த்த படம் இரண்டாவது கார்டு. ரா இருந்தது. அண்ணன் நிழல் பகுதியை மெல்ல ஏற்றினார். கறுப்புக்குள்ளிருந்து முதலில் நெற்றி வந்தது, திருநீறு வந்தது, அப்புறம் மூக்கு. கடைசியாகக் கண் வந்தது. இடது கண்ணில் ஒரு சின்னப் புரை, அதற்குள் முற்றத்து வெளிச்சம் ஒரு புள்ளியாக. பேரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை.

சிரித்த படம் முதல் கார்டு. ஜேபெக் மட்டும். அதையும் ஏற்றிப் பார்த்தார். கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பல் கட்டம் கட்டமாக உடைந்தது. கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள். அதற்குமேல் அங்கே எதுவும் இல்லை. கேமரா ஜேபெக்கை எழுதிய அந்தக் கணத்திலேயே "இது வெறும் இருட்டு" என்று தீர்மானித்துத் தள்ளிவிட்டிருந்தது. தள்ளியது சிட்டையில் இருந்திருக்கும். சிட்டைதான் இல்லையே.

சிரிக்காத அப்பத்தா கிடைத்துவிட்டார். சிரித்த அப்பத்தா கிடைக்கவில்லை.

மூலம் தொலைந்து நகல் மட்டும் மிஞ்சுவது எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே 1911-ல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய் போட்டோ கலை படித்தவர். காந்தியைப் பற்றி முழுநீளச் செய்திப்படம் எடுப்பதென்று முடிவு செய்து, கப்பலிலும் ரயிலிலுமாக உலகத்தைச் சுற்றி, முப்பது வருஷங்களில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த சுமார் 50,000 அடி ஃபிலிமைத் தேடிச் சேர்த்தார். அதிலிருந்து சுமார் 12,000 அடிப் படம், தமிழில், 1940-ல் வெளியானது. வெள்ளைக்காரன் ஆட்சியில், யுத்த காலத்தில்! 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தது.

பிறகு, படமே கண்ணில் படவில்லை. செட்டியார் 1983-ல் காலமானார். பல வருஷம் கழித்து, ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி விடாமல் தேடியதில், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிரதி கிடைத்தது. ஆங்கில வடிவம், அதுவும் சுருக்கப்பட்டது. அது கிடைத்ததே பெரிய பாக்கியம். ஆனால் 1940-ல் தமிழ்க் குரலோடு தியேட்டரில் ஓடிய அந்தப் படம் நமக்குக் கிடைக்கவில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. சிட்டை வரவில்லை.

ஐம்பதாயிரம் அடி ஃபிலிம் சேர்த்தவருக்கே அந்த கதி என்றால், நம் செல்போனை நினைத்துப் பாருங்கள். இப்போது பல போன்களில் 'ப்ரோ' பகுதியில் ரா ப்ளஸ் ஜேபெக் இருக்கிறது. ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது "இடம் இல்லை" என்று போன் முனகும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பெரிய ஃபைல் எதுவென்று பார்த்து, அதைத் தூக்குகிறோம். அந்த ஸ்டுடியோப் பையனுக்கும் நமக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம்.

அழித்தே தீரவேண்டும் என்றால் ஜேபெக்கை அழியுங்கள். ராவிலிருந்து இன்னொரு ஜேபெக் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாலைத் தோய்த்தால் தயிராகும், தயிரை எத்தனை ஆற்றினாலும் பாலாகாது. அதையும் கல்யாணத்தன்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் செய்யாதீர்கள். இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டு ஃபைலையும் திறந்து பார்த்து, எது சிட்டை எது பேரேடு என்று தெரிந்தபிறகு செய்யுங்கள். திறக்கவில்லை என்பதற்காக ஒரு ஃபைல் வேண்டாததாகிவிடாது. அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் இப்போது கடையில் கெட்டிக்காரன். எந்த கார்டு வந்தாலும் முதலில் எண்ணிப் பார்க்கிறான்: ரா இத்தனை, ஜேபெக் இத்தனை, இரண்டும் சமமா என்று. வரவும் பற்றும் டாலி ஆனால்தான் அடுத்த வேலை. பி.காம். படிக்காமலேயே வந்துவிட்டது. அண்ணன் சொல்லித்தான் செய்கிறானா என்று கேட்டேன்.

"இல்லண்ணே" என்றான். "அந்த அப்பத்தா சிரிக்கிற படத்தை இன்னும் அழிக்கல. அப்பப்ப எடுத்துப் பாப்பேன்."