பால் வாளியும் இரும்புக் குண்டும்

என் இளமையில், தோட்டப் பள்ளியின் விளையாட்டு விழாவன்று நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சிறுவர்கள் குண்டெறிந்து முடித்ததும் என் தமக்கை முன்வந்து, "ஐயா, நானும் ஒரு முறை எறியட்டுமா?" என வினவினாள். "பெண்பிள்ளைகளுக்கு ஏதம்மா அத்தனை தோள்வலி?" என்று கூறி ஆசிரியர் நகைத்தார், கூடியிருந்தோரும் நகைத்தனர். வெட்கத்துடன் சொல்லுகிறேன்: நானும் நகைத்தேன். அக்காள் ஒன்றும் பேசாமல் கூட்டத்தின் பின்னே போய் நின்றாள்.

அன்று முற்பகலில் எங்கள் தாயாருக்கு உதவியாகப் பால் வாளிகளைச் சுமந்துவிட்டே அவள் விழாவுக்கு வந்திருந்தாள். வாளி சுமக்கப் போதுமான தோள், குண்டெறிய மட்டும் போதாதாம்! இம்முரண்பாடு அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உண்மையில் குண்டெறிதல் தோள்வலியை மட்டும் நம்பிய ஆட்டமன்று. குண்டைக் கழுத்தருகே தாங்கி, ஒற்றைக் கையால் உந்தித் தள்ளவேண்டுமேயன்றி, தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வீசலாகாது. 2.135 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள், காலில் பிறக்கும் விசை இடுப்பின் வழியே ஏறித் தோளைக் கடந்து விரல் நுனியில் முடிகிறது. ஆடவர் குண்டின் எடை 7.26 கிலோ, பெண்டிர் குண்டின் எடை 4 கிலோ.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே ஆடவர் குண்டெறிந்தனர். பெண்டிருக்கு அவ்வட்டம் திறக்க 52 ஆண்டுகள் சென்றன. 1948இல் லண்டனில் அவர்களுக்கு முதன்முதலாக அப்போட்டி நடைபெற்றபோது, 13.75 மீட்டர் எறிந்து தங்கப் பதக்கம் பெற்றவர் யார்? பிரான்சு தேசத்து மிஷெலின் ஓஸ்டர்மேயர். பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்ற பியானோ கலைஞர்! வட்டெறிதலிலும் அவரே தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் வெண்கலமும் பெற்றார். பியானோக் கட்டைகளை மெல்லத் தீண்டிய விரல்களே இரும்புக் குண்டையும் உந்தின. மென்மையும் வலிமையும் ஒரே கையில் குடியிருக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இச்செய்தியைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே நான் படித்தேன். படித்ததை அக்காளிடம் கூறினேன். அவள் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அன்று ஒரே ஒரு முறை விட்டிருக்கலாம், தம்பி" என்றாள்.

அவ்வொரு முறையை இனி நம்மால் திருப்பித் தர இயலாது. ஆயினும் அன்பர்களே, நம் இல்லத்துப் பெண்பிள்ளை நாளை குண்டேந்தி வட்டத்துள் நிற்க விரும்பினால், நாம் நகைக்க வேண்டாம். விலகி நின்று இடம் கொடுப்போம். எத்தனை தூரம் எறிகிறாள் என்பதைப் பிறகு அளந்துகொள்ளலாம்.