கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு பேர்



நான் செய்த ஒரு பிழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்தபின், கண்டிக்கு அண்மையில் ஒரு சிறிய தையல் தொழிற்சாலையில் மனிதவள உதவியாளராகச் சில வருடங்கள் வேலை செய்தேன். பெயர்தான் பெரிது. சம்பளப் பட்டியல், லீவுக் கணக்கு, சண்டை சச்சரவு, விடுதிப் பிள்ளைகளின் காய்ச்சல் என்று எல்லாமே என் ஒருத்தியின் தலையில் இருந்தன. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் விட்டுப்போன ஒரு பைல்தான் என்னுடைய சட்டப் புத்தகம்.

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முல்லைத்தீவிலிருந்து வந்து எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. கணவர் செல்லடியில் ஒரு காலை இழந்தவர். மூத்த பிள்ளைகள் இருவரும் ஊரில் அம்மம்மாவுடன் இருந்தார்கள். நான் பைலைப் புரட்டினேன். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு ஆறு கிழமைதான் லீவு என்று அதில் இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"மிஸ், இன்னும் கொஞ்ச நாள் தர ஏலாதா? பிள்ளை போத்திலில குடிக்கப் பழகேல்லை" என்று கேட்டா.

"சட்டம் அப்படித்தான் அக்கா. நான் என்ன செய்யிறது?" என்று சொன்னேன்.

அவ வேலைக்குத் திரும்பினா. பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டா.

அதன்பின் ஒரு நாள் கண்டியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தவர் வேறொரு தொழிற்சாலையின் நலன்புரி உத்தியோகத்தர், ஒரு சிங்களச் சகோதரி. பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அந்தச் சட்டம் போன வருடமே மாறிவிட்டதே!" என்றார்.

உண்மைதான். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் தாய்க்கு 12 கிழமை, அதாவது 84 நாள் உண்டு. என் பைலில் இருந்தது பழைய தாள்.

முதலாளியிடம் சட்டத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மிகுதி ஆறு கிழமைக்குரிய பணம் அந்த அக்காவுக்கு அனுப்பப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த ஆறு கிழமையை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்று மாலை நாங்கள் நான்கு பேர் தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டோம். பின்பு அது ஒரு வட்ஸ்அப் குழுவாக வளர்ந்தது. எல்லோரும் சிறிய வேலைத்தலங்களில் தொழிலாளர் விடயங்களைத் தனியே பார்ப்பவர்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் கேள்விகள் வரும். எழுத்து விளங்காதவருக்கு இன்னொருவர் குரலில் சொல்லி அனுப்புவார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தக் குழுவின் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. விடுதிகளில் வடக்குப் பிள்ளைகள் அடைபட்டிருந்தார்கள். சம்பளம் உண்டா என்று எல்லோரும் கேட்டார்கள். மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த இணக்கம். செய்தி அன்றே குழுவில் வந்தது. தனியே இருந்திருந்தால் நான் இன்னொரு பழைய தாளைத்தான் புரட்டியிருப்பேன்.

இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் பின்னர் தேடிப் படித்தேன். 1896 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில், ரவுண்ட்ரீ சொக்கலேட் தொழிற்சாலையில் பெண் தொழிலாளரின் நலன் பார்க்க மேரி வூட் என்ற பெண் நியமிக்கப்பட்டார். 1913 இல் அதே நகரில் இப்படியான நலன்புரி உத்தியோகத்தர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்களே. அதுவே இன்று பிரித்தானிய மனிதவளத் துறையினரின் பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. எமது நாட்டிலும் 1959 இல் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் தொடங்கப்பட்டு, 1976 இல் பாராளுமன்றச் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றது. சிறு வேலைத்தலத்தில் தனியே இருப்பவருக்கு அவ்வளவு தூரம் எட்டாவிட்டாலும், கையில் ஒரு தொலைபேசி இருக்கிறது.

ஆனால் குழு என்றால் கவனமும் வேண்டும். எங்கள் குழுவில் மூன்று கட்டுப்பாடுகள் வைத்தோம். தொழிலாளியின் பெயரையோ படத்தையோ போடக்கூடாது. ஒருமுறை ஒருவர் ஒரு பிள்ளையின் வைத்தியத் துண்டைப் படமெடுத்துப் போட்டுவிட்டார். உடனே அழிக்கச் சொன்னோம். அடுத்தது, குழுவில் வரும் பதிலைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்த பின்பே நடைமுறைப்படுத்த வேண்டும். மூன்றாவது, 'இதுகூடத் தெரியாதா' என்று எவரும் எவரையும் கேட்கக்கூடாது. அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே நாங்கள் பலர் வாய் திறக்காமல் இருந்தோம்.

'மனிதவளம் எங்களுக்கு எதற்கு?' என்று நீங்கள் நினைக்கலாம். உங்களில் பலர் இன்று குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். சிலர் தையற்கடை வைத்திருக்கிறீர்கள். சிலர் மிளகாய்த்தூள் திரித்து, பலகாரம் செய்து விற்கிறீர்கள். உதவிக்கு இன்னொரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்த அன்றிலிருந்து நீங்களும் ஆள் வைத்து வேலை வாங்குபவர்தான். ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 வீதம் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் சகோதரிகளும் இதை அறிந்திருந்தால்தான் தங்கள் கணக்கைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே உங்கள் ஊரில் இப்படித் தொழில் செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு வட்டத்தைத் தொடங்குங்கள். தொலைபேசியில் முடியாவிட்டால் மாதத்தில் ஒரு நாள் ஒருவர் வீட்டில் கூடுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைக் கேளுங்கள்.

இப்போது நான் கண்டியில் பெண்கள் நலன் சார்ந்த சமூகப் பணியில் இருக்கிறேன். அந்த அக்கா இடைக்கிடை தொலைபேசியில் பேசுவா. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவ என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஊரில் மூன்று பெண்களுடன் சேர்ந்து தைக்கிறா. போன முறை எடுத்தபோது, "மிஸ், என்னோட தைக்கிற பிள்ளைக்கு இப்ப ஆறு மாதம். எத்தனை நாள் லீவு குடுக்க வேணும்? சரியாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றா.

குழுவிலும் கேட்டு, தொழில் அலுவலகத்திலும் உறுதிசெய்த பின்புதான் பதில் சொன்னேன்.