குளத்துக்கு முதலில் போர்வை, அப்புறம் மெஷின்



பதிவு கொஞ்சம் நீளம். நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்குவது பற்றி நம் பழைய மாணவர்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஏலகிரியில் ரிசார்ட் வைத்திருக்கிறார், ஒருவர் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர். மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பிளஸ் டூ இயற்பியலை ஒரு தடவை புரட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் கோவைக்குப் பக்கத்தில் நீச்சல் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். துபாயில் பதினைந்து வருடம் உழைத்த காசு, அது போதாமல் வீட்டம்மாவின் நகையும் பேங்கில் இருக்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை குளம் நிறையப் பிள்ளைகள். கார்த்திகை பிறந்தால் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். காலை ஐந்தரை மணி பேட்ச் பாதியாகும், மார்கழியில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் கடன் தவணைக்கு மார்கழி என்று ஒன்று கிடையாதே!

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுவன் வாரம் மூன்று நாள் அங்கே வருகிறான். வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் கால் தசைகள் தளர்ந்து கொடுக்கும், குளிர்ந்த தண்ணீரில் விறைத்துப் போகும். அதனால் வருடத்தில் நான்கு மாதம் அவன் வருவதில்லை. எட்டு மாதம் பழகியது அந்த நான்கு மாதத்தில் போய்விடுகிறது என்று அவன் அம்மா சொல்லி அழுதாராம்.

"ஏனுங்க சார், ரெண்டு கொட்டேஷன் வந்திருக்குதுங்க. ஒண்ணு 60 கிலோவாட், இன்னொண்ணு 120. விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்குங்க. எதுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுன்னு தெரியலைங்க" என்றார்.

"கண்ணு, மெஷினை மறந்துடு. உன் குளம் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு சூட்டை இழக்குது? அதை முதல்ல சொல்லு" என்றேன்.

குளம் 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 437.5 கன மீட்டர், அதாவது 4,37,500 லிட்டர். இந்தத் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி ஏற்றுவதற்குச் சுமார் 508 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண மின் ஹீட்டர் என்றால் அந்த 508 யூனிட்டும் மீட்டரில் ஓடும். கடைகளுக்குக் கொடுக்கும் 19 கிலோ கேஸ் சிலிண்டர் என்றால் வீணாவதையும் சேர்த்து டிகிரிக்கு இரண்டரை சிலிண்டர் ஆகும்.

ஹீட் பம்ப் இங்கேதான் ஜெயிக்கிறது. நம் வீட்டு ஏ.சி. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். சூடு காற்றுடையது, நாம் கொடுக்கும் மின்சாரம் அதைத் தூக்கிவரும் சுமைக்கூலி. ஒரு யூனிட் கூலிக்கு ஐந்து யூனிட் சூடு வந்தால் சி.ஓ.பி. 5 என்பார்கள். அப்போது ஒரு டிகிரிக்கு நூறு யூனிட் மின்சாரம் போதும்.

அப்படியானால் நல்ல மெஷினாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே? பொறுங்கள். ஓட்டைக் குடத்துக்கு எவ்வளவு பெரிய குழாய் வைத்தாலும் நிறையாது.

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று வகுப்பில் கேட்டது நினைவிருக்கிறதா? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. திறந்த நீச்சல் குளமும் ஒரு மண்பானைதான். அது சூட்டை இழக்கும் வழிகளில் பெரியது ஆவியாதலே. பாடப்புத்தகத்தில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் 540 கலோரி என்று படித்தீர்கள், அது 100 டிகிரியில். குளத்து வெப்பநிலையில் அது இன்னும் கூடுதல், சுமார் 580. அதாவது ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் 580 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைத்துவிட்டுப் போகும்.

இவர் குளத்தின் மேற்பரப்பு 312 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே 312 லிட்டர். கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வீசினால் ஆவியாதல் ஏறும்.

அவரை இரண்டு சோதனைகள் செய்யச் சொன்னேன். செலவு ஒரு பக்கெட்டும் ஒரு தெர்மாமீட்டரும்.

முதல் சோதனை: பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி குளத்துப் படியில் வைத்து, இரண்டுக்கும் கோடு போட வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கசிவு இருக்கும்போது ஹீட் பம்ப் வாங்குவது சூடாக்கிய தண்ணீரை மண்ணுக்கு ஊற்றுவது போல. இவருக்குக் கசிவு இல்லை, இரண்டும் 5 மில்லிமீட்டர். வெயில் திருப்பிக் கொடுக்காவிட்டால் இந்த ஆவி மட்டுமே ஒரு நாளில் இரண்டு டிகிரியைக் கொண்டுபோயிருக்கும்.

இரண்டாவது: இரவு 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் தண்ணீரின் வெப்பநிலை. மூன்று இரவு திறந்தபடி விட்டுக் குறித்தார். பிறகு குமிழ் வைத்த பிளாஸ்டிக் கவரைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, மூடி மூன்று இரவு குறித்தார். திறந்திருந்தால் சராசரி 1.2 டிகிரி இறங்கியது, மூடினால் 0.4 டிகிரிதான். கணக்குப் போட்டால், திறந்த குளம் மணிக்கு 76 யூனிட் சூட்டை இழக்கிறது, மூடிய குளம் 25.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இது 23 டிகிரித் தண்ணீரின் இழப்பு. 29 டிகிரிக்கு ஏற்றினால் ஆவியாதல் கூடும், இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது திறந்த குளத்துக்கு 60 கிலோவாட் மெஷின் யானைப் பசிக்குச் சோளப்பொரி. 120 கூட ராப்பகலாக மூச்சு வாங்க ஓடவேண்டும். மூடிய குளத்துக்கோ அந்த 120-ம் தேவையில்லை.

அடுத்து, விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த சி.ஓ.பி. எண். அதன் கீழே பொடி எழுத்தில் காற்று 26 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று இருந்தது. நம் மார்கழி விடியலில் 26 டிகிரிக் காற்று எங்கே இருக்கிறது? காற்று குளிரக் குளிர, அதிலிருந்து சூட்டை எடுக்கக் கூலி கூடும். நல்ல தாள்களில் காற்று 15 டிகிரி என்று இரண்டாவது வரி ஒன்று இருக்கும். கொட்டேஷன்களை அந்த வரியில் ஒப்பிட வேண்டும். ஏலகிரிக்காரர் இதை இரண்டு முறை படிக்கவும்.

இதிலேயே இன்னொரு வழியும் தெரிகிறது. மதியம் காற்று 29, 30 டிகிரி இருக்கும்போது மெஷினை ஓட்டு, இரவில் மூடி வை. நாலே கால் லட்சம் லிட்டர் தண்ணீரைவிடப் பெரிய பிளாஸ்க் எங்கே கிடைக்கும்?

கடைசியில் அவர் செய்தது இதுதான். முதலில் கவரும், அதைச் சுருட்டும் உருளையும் வாங்கினார். மேற்குப் பக்கம் காற்றுத் தடுப்புக்குச் சுவரை உயர்த்தினார். பிறகு 50 கிலோவாட் மெஷின் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். காசு வாங்கி நடத்தும் குளத்தில் "மெக்கானிக் நாளைக்கு வருவார்" என்று பெற்றோரிடம் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் 20 கிலோவாட்டைச் சுற்றித்தான் என்பதால், கூடுதல் லோடு வாங்குவதிலும் பெரிய சிரமம் வரவில்லை.

வாங்குகிறவர்கள் இன்னும் மூன்றைக் கவனியுங்கள். வெப்பம் மாற்றும் குழாய் டைட்டானியமாக இருக்கட்டும், குளோரின் மற்ற உலோகங்களை அரித்துவிடும். குளோரின் கலக்கும் இடம் மெஷினுக்குப் பிறகு வரட்டும், முன்னால் வேண்டாம். மெஷினை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அது ஊதும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்தால் தன் வாலைத் தானே தின்கிற பாம்பு கதைதான்.

முதல் தடவை தண்ணீர் ஏறுவதற்கு மூன்று நாள் ஆனது. பிறகு தை மாதம் முழுக்க 29 டிகிரி நின்றது. காலை பேட்ச் முழுதாகத் திரும்பிவிடவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. மின் கட்டணம் கூடித்தான் இருக்கிறது, ஆனால் வரவு அதைத் தாங்குகிறது என்கிறார். நகை இன்னும் பேங்கில்தான். அந்தச் சிறுவன் இந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடந்தானாம். அடி எண்ணியது அவன் அம்மா.

விற்பவர் மெஷினின் பலத்தைச் சொல்லுவார், அது அவர் வேலை. குளத்தின் பசியை நீங்கள்தான் அளக்க வேண்டும். அதற்குப் பிளஸ் டூ இயற்பியல் போதும், மதிப்பெண் எவ்வளவு வாங்கியிருந்தாலும் சரி.

உங்கள் குளத்தின் நீளம், அகலம், ஆழம், இரவு 9 மணி, காலை 5 மணி வெப்பநிலை, இவற்றைக் கீழே எழுதுங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன். அலகு போடாமல் எழுதினால் அரை மார்க் குறைப்பேன், சொல்லிவிட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.